ஓதாதிருக்கும் கடமை

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ மலருக்கு ஒரு வ்யாஸம் எழுதித் தருமாறு கைங்கர்ய ஸபையார் ஆண்டுதோறும் கேட்பதும், அடியேன் வாகனங்களின் மஹிமை பற்றியோ திருமஞ்சனத்தின் தாத்பர்யம் பற்றியோ நான்கு பக்கம் எழுதிக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. இவ்வாண்டு வேறொரு விஷயத்தை விண்ணப்பித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உத்ஸவத்தை ஸேவிக்க வந்திருக்கும் அன்பர்களில் பெரும்பாலோர் பெற்றோர்கள். உங்களோடு வந்திருக்க வேண்டிய பிள்ளைகளில் பலர் வரவில்லை. காரணம் கேட்டால், "அவனுக்குப் பாடம் இருக்கிறது, பட்டரே" என்கிறீர்கள். அந்தப் பாடத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

நம் ஸந்நிதிக்குத் திருமாலை கட்டித் தரும் குடும்பங்களுள் ஒன்றில் ஒரு பிள்ளை இருக்கிறான். பெயர் வேண்டாம். ஐந்து வயது முதல் புறப்பாட்டில் தீவட்டிக்கு முன்னே நடப்பான். எட்டு வயதில் சாமரம் வேண்டும் என்று அழுதான், கொடுத்தோம். பன்னிரண்டு வயதில், ஸ்ரீபாதம்தாங்கிகளின் தண்டு தன் தோளுக்கு எட்டுமா என்று பக்கத்தில் நின்று அளந்து அளந்து பார்ப்பான். பத்தாம் வகுப்பு வந்தது. பிள்ளையைப் புறப்பாட்டில் காணவில்லை. பதினொன்றாம் வகுப்பில் ஒருநாள் மாலை, தகப்பனார் அவனைக் கையைப் பிடித்து ஸந்நிதிக்கு அழைத்து வந்தார். "புஸ்தகத்த வச்சுக்கிட்டுத் தூங்கி விழறான் சாமி. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

அடியேன் தீர்த்தம் ஸாதித்து, ஸ்ரீஸடாரியை அவன் தலையில் வைத்து, "பெருமாள் உறங்காமல் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நீ உறங்கலாமா?" என்று சொன்னேன். நல்ல வார்த்தை சொல்லிவிட்டதாகவே அன்று எனக்கு எண்ணம். தகப்பனாரும் திருப்தியாகத் திரும்பினார்.

சில வாரங்கள் கழிந்தன. தகப்பனாருக்கு உடம்பு ஸரியில்லாமல், இரவு ஸேவைக்கான மாலையைப் பிள்ளையே கொண்டு வந்தான். மணி ஒன்பது ஆகப்போகிறது. கூடையைக் கொடுத்த பிறகும் அவன் போகவில்லை, நின்றுகொண்டே இருந்தான்.

"சாமி, எத்தனை மணிக்கு நடை சாத்துவீங்க?"

"இதோ, ஒன்பது மணிக்கு."

"சாத்தினப்புறம் உங்களுக்கு வேலை இருக்குமா?"

"நடை சாற்றிய பிறகு என்னப்பா வேலை? பெருமாளே திருக்கண் வளர்ந்துவிடுகிறார்" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று இரவு அடியேனுக்கு உறக்கம் வரவில்லை. காலையில் உறங்காதவர் என்று ஒருவனுக்குச் சொல்லிய அதே எம்பெருமானை, இரவில் திருப்பள்ளியறையில் எழுந்தருளப்பண்ணிப் பாலமுது கண்டருளச் செய்து திருக்காப்புச் சேர்ப்பவன் அடியேன். முப்பது ஆண்டுகளாகச் செய்து வரும் கைங்கர்யத்தின் அர்த்தத்தை ஒரு பள்ளிப் பிள்ளைக்கு மாற்றிச் சொல்லியிருக்கிறேன். ரக்ஷகனைத் தேர்வு மண்டபத்துக் காவலனாக்கிவிட்டேன்.

அப்பிள்ளையின் ஒரு நாளை, அவன் தாயார் சொல்லக் கேட்டபடி இங்கே எழுதுகிறேன். விடியற்காலை நாலேமுக்காலுக்கு எழுந்திருக்க வேண்டும். ஐந்தரைக்குக் கணக்கு டியூஷன். ஏழரைக்கு வீடு, எட்டு மணிக்குப் பஸ். ஒன்பதேகாலுக்குத் தொடங்கும் பள்ளி மாலை நாலேகாலுக்கு விட்டாலும், ஸ்பெஷல் கிளாஸ் என்று மேலும் ஒரு மணி நேரம். ஆறரை முதல் எட்டரை வரை நீட் பயிற்சி. ஒன்பது மணிக்குச் சாப்பாடு. அதற்குப் பிறகுதான் வீட்டுப்பாடம். பௌதிகம், ரஸாயனம், உயிரியல் என்று ஒவ்வொன்றுக்கும் ரெக்கார்டு நோட்டு. படம் வரைந்து, பாகங்களுக்குப் பெயர் குறித்து, கையெழுத்து வாங்க வேண்டும். வாரத் தேர்வில் தவறிய வினாவுக்குப் பத்துத் தரம் விடை எழுத வேண்டும். படுக்கும்போது பன்னிரண்டரை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையன்று, அன்று மாதிரித் தேர்வு. தமிழ்நாட்டில் 2017 முதல் மருத்துவப் படிப்புக்கு நீட் கட்டாயமான பின், பள்ளிக்கு ஒரு பாடம், பயிற்சிக்கு ஒரு பாடம் என்று ஒரே தலையில் இரண்டு மூட்டைகள் ஏறியிருக்கின்றன.

எம்பெருமானுக்கே நம் கோயிலில் நடுப்பகலில் நான்கு மணி நேரம் நடை சாற்றுகிறோம் என்பதை மட்டும் இங்கே நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறேன்.

இங்கே ஆஸ்திகர்கள் ஓர் ஆக்ஷேபம் எழுப்பலாம். "கல்வி என்பது தபஸ் அல்லவா? நாள்தோறும் ஓதவேண்டும் என்றுதானே உலகநீதி தொடங்குகிறது? பாடசாலையில் நீங்கள் பட்ட கஷ்டத்தைவிட இது பெரிதா?" என்று கேட்கலாம். அடியேனும் நெடுங்காலம் இப்படித்தான் பேசி வந்தேன். ஆகையால் பாடசாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எட்டு வயதில் சேர்ந்தோம். நான்கு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். அத்யாபகர் ஒரு தரம் சொல்ல நாங்கள் இரண்டு தரம் சொல்லும் ஸந்தை. பிறகு அதே பாகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் திருவை. ஸ்வரம் தவறினால் பிரம்பும் உண்டு. அந்தப் பிரம்பைப் புகழ்ந்து பேசும் பெரியோர் உண்டு; அடியேன் புகழமாட்டேன். இரண்டு பிள்ளைகள் அதற்கு அஞ்சி ஊரைவிட்டே ஓடினார்கள். இருவரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். இத்தனை இருந்தும் எங்களுக்கு ஒரு பெரும் பாக்யம் இருந்தது. ஓதியது அத்யாபகரின் முன்னிலையிலேயே முடிந்துவிடும். படுக்கைக்குக் கொண்டு போக எழுத்து வேலை என்று ஒன்று கிடையாது. எட்டரை மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார். அணைத்த பிறகு யாராவது முணுமுணுத்துச் சொல்லிப் பார்த்தால் அதற்கும் கண்டிப்பு உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக அனத்யயனம் இருந்தது. பக்ஷந்தோறும் ப்ரதமை, அஷ்டமி, சதுர்தசி, பர்வ தினம் ஆகிய நாட்களில் வேதம் ஓதக் கூடாது. இது விடுமுறை அன்று என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். விடுமுறை என்பது ஒருவர் மனமுவந்து கொடுப்பது. வேண்டாமென்றால் திரும்ப எடுத்துக்கொள்வது. அனத்யயனமோ விதி. "ஓது" என்று விதித்த அதே சாஸ்த்ரம் "இன்று ஓதாதே" என்றும் விதிக்கிறது. மீறி ஓதினால் புண்யமில்லை, தோஷம். வேதாங்கங்களுக்கும் நித்யகர்மாவுக்கும் இந்தத் தடை இல்லையென்பது உண்மையே. ஆயினும் அந்நாட்களில் நாங்கள் வஸ்த்ரம் துவைத்தோம், ஆற்றில் நீந்தினோம், பக்கத்து ஊர்க் கோயில்களுக்கு நடந்தே போய்ப் பெருமாளை ஸேவித்தோம். ஸந்தையில் சொன்ன சொற்கள் அந்த வரப்புகளில் நடக்கும்போதுதான் உள்ளே இறங்கின.

இந்த நாட்களைத் தவிர, நேர்ந்த நேர்ந்தபோது வரும் அனத்யயனங்களும் உண்டு. யாஜ்ஞவல்க்ய ஸ்ம்ருதி அப்படிப்பட்டவை 37 என்று எண்ணிக் கொடுக்கிறது. இடி முழங்கினால், புழுதிக் காற்று வீசினால், துர்நாற்றம் வந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போது, சிஷ்டரான ஒருவர் வீட்டுக்கு எழுந்தருளினால், வாகனத்தின்மீது ஏறியிருக்கும்போது, ஓதுவதை நிறுத்திவிட வேண்டும். வீட்டுக்கு யார் வந்தாலும் அறைக் கதவைத் திறக்காமல் படிக்கும் பிள்ளையைப் பெருமையாகக் காட்டும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். எட்டு மணி பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ரஸாயனப் புத்தகத்தைப் பிடித்திருக்கும் பிள்ளையைக் கண்டால் அந்த மஹரிஷி என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஏன் இத்தனை தடைகள்? இதற்கு அடியேனுக்குக் கிடைத்த ஸமாதானம் ஸ்ரீமத் ராமாயணத்தில் இருக்கிறது. அசோகவனத்தில் பிராட்டியைக் கண்டு திரும்பிய திருவடி, அவளுடைய திருமேனி இளைத்திருக்கும் நிலையை வானர முதலிகளிடம் வர்ணிக்கும்போது ஓர் உவமை சொல்கிறார்: ப்ரதமையன்றும் விடாமல் ஓதுகிறவனுடைய வித்தை மெலிவதுபோல் மெலிந்திருக்கிறாள் என்று. ஓதாதவனின் வித்தை மெலிகிறது என்று சொல்லியிருந்தால் வியப்பில்லை. நிறுத்த வேண்டிய நாளிலும் நிறுத்தாதவனின் வித்தையே மெலிகிறது என்கிறார், நவ வ்யாகரணம் கற்ற அந்தப் பண்டிதர். பாடசாலையில் இந்த இடத்தைப் படித்தபோது, நாள் நக்ஷத்ரத்தைச் சேர்ந்த ஏதோ ஒரு நம்பிக்கை என்று தாண்டிப் போனோம். இப்போது ஐம்பத்தாறு வயதில், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கன்னத்து எலும்பைப் பார்க்கும்போது, உவமானமும் உபமேயமும் ஒரே உடம்பில் சேர்ந்திருப்பதைக் காண்கிறேன். வித்தையும் மெலிகிறது, பிள்ளையும் மெலிகிறான்.

லௌகிகத்திலும் இதை யாரும் சொல்லாமல் இல்லை. ஆங்கிலத்தில் கதைகள் எழுதிய நம்மவரான ஆர். கே. நாராயண், ராஜ்யஸபையில் நியமன உறுப்பினராக இருந்தபோது, 1989-ல் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகச் சுமையைப் பற்றியே பேசினார். பின்னர் விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு 1993-ல் அறிக்கை கொடுத்தது. முதுகில் இருக்கும் பையைவிடப் புரியாமல் படிப்பதே பெரிய சுமை என்பது அதன் கருத்து. 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றது. 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை, உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணிக்கு மேல் வீட்டுப்பாடம் ஆகாது என்று வரம்பு கட்டுகிறது. இத்தனையும் காகிதத்தில் இருக்கின்றன. பள்ளி இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் கொடுத்தாலும், டியூஷன் தன் பங்குக்குக் கொடுக்கிறது. பயிற்சி நிலையம் தன் பங்குக்குக் கொடுக்கிறது. ஒவ்வொருவரும் தம் பங்கு சிறிதென்றே எண்ணுகிறார்கள். மூன்றையும் கூட்டிப் பார்க்கும் இடம் அந்தப் பிள்ளையின் இரவு ஒன்றுதான்.

தர்மசாஸ்த்ரம் தெரிந்தவன் பேசுவதற்கு இதுவரை எளிது. பூக்கட்டும் தகப்பனாரின் எதிரில் உட்கார்ந்து பேசியபோதுதான் கஷ்டம் தெரிந்தது. அவர் சொன்னது இது: "சாமி, உங்க புள்ளை படிக்காட்டியும் ஒரு மணி பிடிச்சு அர்ச்சனை பண்ணுவான். நான் ராத்திரி ரெண்டு மணிக்குப் பூச்சந்தைக்குப் போறேன். நானும் தூங்கறதில்ல. என் புள்ளை வருஷம் பூரா தூங்கணும்னா இந்த ரெண்டு வருஷம் முழிக்கட்டுமே."

இதற்கு அடியேனிடம் உடனே பதில் இல்லை. அவர் பேராசைக்காரர் அல்லர். அவருடைய அச்சம் நியாயமானது. மதிப்பெண் ஒன்றைத் தவிர வேறு ஏணி அந்த வீட்டு வாசலில் சார்த்தப்படவில்லை. தேர்வுக்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம் பெற்றோரைப் பழிப்பது நம்மில் பலருக்கு வழக்கம். அந்தப் பெற்றோரும் இவரைப் போலப் பிள்ளையை நேசித்தவர்களாகவே இருந்திருப்பார்கள். நேசத்தினால் செய்வது என்பதாலேயே ஒரு காரியம் தர்மமாகிவிடுமா என்பதுதான் கேள்வி. விடியும்வரை யோசித்தும், ஒன்று மட்டும் எனக்கு நிச்சயமாயிற்று. தகப்பன் தன் உறக்கத்தைப் பிள்ளைக்காகக் கொடுக்கலாம், அது த்யாகம். பிள்ளையின் உறக்கத்தை எடுத்து அவனுடைய எதிர்காலத்துக்குக் கொடுக்கத் தகப்பனுக்கும் அதிகாரமில்லை. ஏனெனில் அந்த உறக்கம் அவருடையதன்று. முழுவதும் பிள்ளையுடையதுமன்று.

இதை விளக்க வேண்டும். சாந்தோக்ய உபநிஷத்தில் ச்வேதகேது என்ற பிள்ளை வருகிறான். பன்னிரண்டு வயதில் குருகுலம் சென்று, இருபத்துநான்கு வயதில் எல்லா வேதங்களையும் ஓதி முடித்து, தான் கற்றவன் என்ற செருக்கோடு வீடு திரும்புகிறான். அவன் தகப்பனார் உத்தாலகர் அவனுக்கு மேலும் ஒரு பாடத்தைச் சுமத்தவில்லை. பதினைந்து நாள் உண்ணாதே, நீர் மட்டும் வேண்டிய மட்டும் பருகு என்கிறார். பதினாறாம் நாள், "ஓது" என்கிறார். பன்னிரண்டு ஆண்டு ஓதியதில் ஒரு சொல்லும் நினைவுக்கு வரவில்லை. உண்ணச் சொல்கிறார், உண்ட பின் கேட்டதெல்லாம் வருகிறது. மனம் அன்னத்தைச் சார்ந்தது என்பதை மகன் இவ்வாறு அனுபவத்தால் அறிகிறான். இது முடிந்ததும் உத்தாலகர் எடுத்துக்கொள்வது எதை என்று நினைக்கிறீர்கள்? உறக்கத்தை. ஒருவன் உறங்கும்போது ஸத் என்று சொல்லப்படும் பரம்பொருளோடு சேர்ந்திருக்கிறான் என்று உபதேசிக்கிறார். உலகத்திலேயே அதிகம் படித்துவிட்டதாக எண்ணிய பிள்ளைக்கு, பசியும் உறக்கமும்தான் ப்ரஹ்மவித்யையின் வாசல்களாகின்றன.

நம் ஸ்ரீபாஷ்யகாரர் இதை இன்னும் இனிமையாக்குகிறார். ஆழ்ந்த உறக்கத்தில் ஜீவன் நாடிகளில் இருக்கிறான், புரீதத்தில் இருக்கிறான், ப்ரஹ்மத்தில் இருக்கிறான் என்று ச்ருதிகள் மூன்று விதமாகச் சொல்கின்றன. இவை முரண்படுகின்றனவா என்ற கேள்விக்கு, மூன்றாம் அத்யாயம் இரண்டாம் பாதத்தில், மாளிகையிலும் கட்டிலிலும் மெத்தையிலும் ஒருவன் ஒரே ஸமயத்தில் உறங்குவதுபோல் என்று ஸமாதானம் அருளிச்செய்கிறார். நாடிகள் மாளிகை, புரீதத் கட்டில், மெத்தையாக இருப்பவன் எம்பெருமான். ப்ரபத்தி செய்தவன், செய்யாதவன், முதல் மதிப்பெண் வாங்கியவன், தேறாதவன் என்ற பேதமில்லாமல் ஒவ்வோர் இரவும் எல்லா ஜீவர்களையும் அவன் தன்மேல் கிடத்திக்கொள்கிறான். நம்முடைய முயற்சி எதுவும் இல்லாமல் அவன் தரும் ஸ்பர்சம் அது. பன்னிரண்டரை வரை பிள்ளையை விழிக்க வைக்கும்போது, காத்திருக்கும் அந்த மெத்தையிலிருந்து அவனை இழுத்துப் பிடிக்கிறோம்.

அப்படியானால் சோம்பலை ஆதரிக்கிறீரா என்று கேட்பவர்களுக்கு: தாமஸமான உறக்கத்தை கீதாசார்யன் கண்டித்தே இருக்கிறான். ஆனால் ஆறாம் அத்யாயத்தில், அதிகம் உறங்குகிறவனுக்கும் யோகமில்லை, உறங்காமலே விழித்திருப்பவனுக்கும் யோகமில்லை என்று இரண்டையும் ஒரே தராசில் வைத்தவனும் அவனே. இளையபெருமாள் பதினான்கு ஆண்டு உறங்கவில்லையே என்றும் ஒருவர் கேட்டார். அவர் ஆதிசேஷன், தாமே விரும்பி ஏற்ற கைங்கர்யம் அது. யாரும் அவருக்குக் கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டவில்லை. மார்கழியில் ஆண்டாள் பத்துப் பெண்பிள்ளைகளை எழுப்புகிறாளே என்றால், எழுப்பப்பட்டவர்கள் நன்றாக உறங்கியிருந்தார்கள் என்பதே அடியேனுக்கு அதில் தெரிவது.

ஸம்ப்ரதாயத்திலும் இதற்கு இடமுண்டு. பாஞ்சராத்ரம் ஒரு நாளை அபிகமனம், உபாதானம், இஜ்யை, ஸ்வாத்யாயம், யோகம் என ஐந்து காலங்களாகப் பிரிக்கிறது. ஐந்தில் ஒன்றுதான் ஓதுவதற்கு. இரவில் வரும் யோகம், எம்பெருமானை நெஞ்சில் நிறுத்தி அவனிடம் ஒடுங்குவதற்கு. திவ்யப்ரபந்தத்துக்கே நம் கோயில்களில் ஆண்டில் ஒரு அனத்யயன காலம் உண்டு என்பதை அன்பர்கள் அறிவீர்கள். திருக்கார்த்திகையை ஒட்டித் தொடங்கும் அக்காலத்தில், நடுவே அத்யயனோத்ஸவம் தவிர, நாலாயிரத்தைக் கோஷ்டியில் ஸேவிப்பதில்லை. தை மாதத்தில் மீண்டும் தொடங்கும் அன்று, அறுபது வருஷம் ஸேவித்த கிழவர்களின் குரலிலும் ஒரு நடுக்கம் இருக்கும். அது வயதினால் வரும் நடுக்கம் அன்று. நிறுத்தி வைத்ததனால் வரும் ருசி.

சென்ற மாதம் அந்தத் தகப்பனாரை மறுபடியும் அவர் வீட்டிலேயே பார்த்தேன். சாஸ்த்ரம் பேசவில்லை. முன்பு ஸ்ரீஸடாரி ஸாதித்துச் சொன்ன வார்த்தை தவறு என்று பிள்ளையின் எதிரிலேயே சொன்னேன். பிறகு, மாதத்துக்கு இரண்டு அஷ்டமி வருகிறது, அந்த இரண்டு மாலைகளில் டியூஷனும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம், அவை பெருமாளுடையவை என்று கேட்டேன். பூ விலை பேசிப் பழகியவர் அல்லவா? நெடுநேரம் யோசித்து, "பரீட்சை முடியற வரைக்கும் ஒண்ணு போதும் சாமி. தேய்பிறை அஷ்டமி" என்றார். பாதி விலைக்கு ஒப்புக்கொண்டு எழுந்தேன். பிள்ளை தலை நிமிரவில்லை.

அந்த அஷ்டமியும் வந்தது. மாலையில் பிள்ளை கோயிலுக்கு வருவான் என்று எதிர்பார்த்து, பழைய சாமரத்தை எடுத்துத் தூசி தட்டி வைத்திருந்தேன். வரவில்லை. ஸாயரக்ஷை ஆயிற்று; இரவு ஸேவையும் ஆயிற்று. நடை சாற்றிவிட்டு மாட வீதி வழியாகத் திரும்பும்போது, அவர்கள் வீட்டுத் திண்ணையில் அவன் தாயார் மறுநாள் விச்வரூபத்துக்கான மாலையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆறு மணிக்குப் படுத்தவன் சாமி, இன்னும் எழுந்திரிக்கல. கோயிலுக்கு வரணும்னு சொல்லிக்கிட்டேதான் படுத்தான். எழுப்பட்டுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்று சொல்லி, கையிலிருந்த திருத்துழாயை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.